ஒரே பேக்கேஜை எட்டு தடவை எறக்கணுமா?

எங்க அக்கா நடத்துற கம்ப்யூட்டர் சென்டர்ல எட்டு பழைய மெஷின் இருக்கு, எல்லாத்துலயும் டெபியன் 12ங்கிற லினக்ஸ், நான்தான் போட்டுக் குடுத்தேன். நெட்டுக்கு ஒரு டாங்கிள்தான், அதுலயும் தினம் இவ்வளவுன்னு டேட்டா லிமிட். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு ஒரு அப்டேட் வந்தாலே மதியத்துக்குள்ள டேட்டா காலி, பசங்க சும்மா உக்காந்திருப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். அதே பேக்கேஜை, அதாவது சாஃப்ட்வேரைக் கட்டி வச்ச ஃபைலை, எட்டு மெஷினும் தனித்தனியா எறக்கிட்டு இருந்துச்சு!

இப்ப ஒரு மெஷின்ல, எறக்குன பேக்கேஜைச் சேத்து வைக்கிற ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டாச்சு. 3142 போர்ட்ல ஓடும், மத்த ஏழுலயும் பேக்கேஜ் எறக்கிப் போடுற ஆப்ட்டோட கான்ஃபிக்ல ப்ராக்ஸின்னு, அதாவது நடுவுல நின்னு எறக்கிக் குடுக்குற மெஷின்னு, அதோட ஐபியையும் போர்ட்டையும் குடுத்தா போதும், முதல்ல கேக்குற மெஷினுக்கு நெட்லேந்து எறக்கும், அப்புறம் கேக்குறதுக்கெல்லாம் தன் டிஸ்க்லேந்தே எடுத்துக் குடுத்துடும். ஆனா எங்கேந்து எறக்கணும்னு சொல்ற சோர்சஸ் லிஸ்ட்ல, பூட்டி அனுப்புற எச்டிடிபிஎஸ்னு இருந்தா உள்ள என்ன போகுதுன்னு அதுக்குத் தெரியாது, சேத்து வைக்கவும் முடியாது, வெறும் எச்டிடிபின்னு மாத்தணும். அப்ப பாதுகாப்பு போச்சேன்னு ஒரு ஃப்ரெண்ட் பதறினான். போகாதுடா. டெபியன் சர்வர்ல இருக்குற ரிலீஸ் ஃபைல்ல ஜிபிஜிங்கிற டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, அந்த ஃபைலுக்குள்ள பேக்கேஜ் லிஸ்டோட ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) இருக்கு, லிஸ்டுக்குள்ள ஒவ்வொரு பேக்கேஜோட ஹேஷும் இருக்கு, நடுவுல எவனாவது ஒரு பைட் மாத்துனாலும் ஆப்ட் ஏத்துக்காது. என்ன பேக்கேஜ் எறக்குறோம்னு வழியில இருக்குறவன் பாக்கலாம், அது உண்மைதான், இந்த சென்டருக்கு அது பரவாயில்லன்னு விட்டுட்டேன்.

செக்யூரிட்டி அப்டேட்டை, தானாவே போட்டுடுற அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பாத்துக்குது, மத்ததை ஞாயித்துக்கிழமை நானே போய்ப் போடுவேன். இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. அதோட டைமர் காலைல ஆறு மணிக்கு, அப்ப மெஷின் ஆஃப்ல இருக்கும், அதனால விட்டுப்போனதை ஆன் பண்ண உடனே ஆரம்பிச்சுடும், முதல் க்ளாஸ் பசங்க மெஷின் ஸ்லோவா இருக்குன்னு பவர் பட்டனை அமுக்கிடுவாங்க, பேக்கேஜை மெஷின்ல போடுற டிபிகேஜி பாதில நிக்கும். ரெண்டு தடவை, பாதில நின்னதை முடிக்கிற டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ கமாண்டைக் குடுத்து சரி பண்ணேன். அப்புறம் அந்த டைமரை, பேரு ஆப்ட்-டெய்லி-அப்கிரேட், சாப்பாட்டு நேரம் ஒரு மணிக்கு மாத்திட்டேன். மாத்தும்போது, நேரத்தைச் சொல்ற ஆன்கேலண்டர்னு ஒரு வெத்து வரி முதல்ல போட்டு அடுத்த வரில புது நேரத்தைப் போடணும், இல்லன்னா பழைய ஆறு மணியும் சேந்தே இருக்கும்.

ராத்திரி ஆஃப் பண்ற மெஷினுக்கு அப்டேட் ஆனப்புறம் ரீஸ்டார்ட் கவலை இல்ல. கேச்சர் மெஷின் எப்பவும் ஓடுது, பல ப்ரோக்ராம் பொதுவா எடுத்துக்குற லைப்ரரி புதுசா வந்தாலும் ஏற்கனவே ஓடுற சர்வீஸ் மெமரில இருக்குற பழசையேதான் புடிச்சுட்டு இருக்கும், 2014ல ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரில ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்டை தெரிய வந்த நேரத்துல, லைப்ரரியை மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணாத சர்வர்லயும் ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு. அதனால அந்த கேச்சர் மெஷின்ல மட்டும், எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்னு சொல்ற நீட்ரீஸ்டார்ட் போட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை போனா முதல்ல அதைத்தான் ஓட்டிப் பாப்பேன்.