சதுரம் என்றால் எந்த ஊர்ச் சதுரம்?

கிறிஸ்துமஸ் பரீட்சையின் கணக்குத் தாளை மகள் ஜனவரியில்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. "ஒரு சதுரத்தின் பக்கம் 6 செ.மீ. அதன் சுற்றளவு என்ன?" என்ற கேள்விக்குக் கீழே எதுவுமே எழுதவில்லை. ஏன் சாமி இதைப் போய் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டால், "இன்னொரு பக்கம் குடுக்கவே இல்லையேம்மா, எப்படிப் போடறது?" என்கிறாள்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ்வழி, சாயங்காலம் டியூஷன் எடுக்கும் சேச்சிக்கு மலையாளம். மலையாளத்தில் சதுரம் என்றால் நம்முடைய செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அவர்கள் சமசதுரம் என்பார்கள். சேச்சி சொல்லிக்கொடுத்ததும் சரி, பிள்ளை புரிந்துகொண்டதும் சரி. சதுரத்துக்கு நீளம் அகலம் இரண்டும் வேண்டும் என்று படித்த பிள்ளையிடம் ஒரே ஒரு அளவைக் கொடுத்தால் அது விழிக்காமல் என்ன செய்யும்?

அதனால் மார்ச் மாத ஆண்டுப் பரீட்சைக்கு வார்த்தைகளில் இருந்துதான் தொடங்கினோம். ஒரு பழைய நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பாடப்புத்தகத்தின் சொல், அந்தப் பக்கம் டியூஷனில் கேட்ட சொல். பெருக்கல், குணனம். வகுத்தல், ஹரணம். ஈவு, ஹரணபலம். மீதி, சிஷ்டம். முக்கோணம், திரிகோணம். செவ்வகம், சதுரம். சதுரம், சமசதுரம். கடைசி இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்திலேயே படமும் வரைந்தாள். சுற்றளவு, பரப்பளவு, கால், அரை, முக்கால் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு ஒரே குஷி. மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. எல்லையில் இருக்கிற தமிழ்வழிப் பிள்ளைகளின் பெற்றோர் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றரைப் பக்கத்தை எழுத வையுங்கள். டியூஷனை நிறுத்த வேண்டியதில்லை. சேச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன், சிரித்துவிட்டு மறுநாளில் இருந்து "நிங்ஙளுடெ செவ்வகம்", அதாவது உங்களுடைய செவ்வகம், என்றே சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொன்று, நான் ஏமாந்தது. பொள்ளாச்சிக்குப் போனபோது ஐந்தாம் வகுப்புக் கணக்கு கைடு ஒன்றை வாங்கி வந்தேன். தமிழில் இருக்கிறது, பிறகென்ன என்று நினைப்பு. வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், அத்தியாய வரிசையே வேறு. கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்வழிப் புத்தகம், அரசுப் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. கேரளாவின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகவே கிடைக்கிறது. கைடுக்குக் கொடுத்த காசில் அதன் பயிற்சிப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். முதல் பாடத்தில் இருந்து வரிசையாகத் திருப்பிப் பார்க்கும் வேலையை நாங்கள் செய்யவில்லை. ஓணப் பரீட்சைத் தாள், கிறிஸ்துமஸ் பரீட்சைத் தாள், வகுப்பு நோட்டு, இவற்றில் சிவப்பு மையில் சுழித்த இடங்களை மட்டும் எடுத்து எழுதினோம். முப்பதுக்கு மேல் தவறு இருந்தது, ஆனால் கூர்ந்து பார்த்தால் அதே மூன்று நான்கு தவறுகள்தான் திரும்பத் திரும்ப வேஷம் மாற்றி வந்திருந்தன.

ஒன்று, பூஜ்யத்தில் இருந்து கழிப்பது. 5000 − 2346 என்றால் கடன் வாங்கப் போகிற வீட்டிலெல்லாம் பூஜ்யம், பிள்ளை திண்டாடிவிடும். இரண்டு எண்ணிலும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். 4999 − 2345. கடனே வாங்க வேண்டாம், 2654. "அப்படிக் குறைச்சா விடை மாறாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "உனக்கும் எனக்கும் 24 வயசு வித்தியாசம். போன வருஷம் எவ்வளவு?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "அப்பவும் 24தான்" என்றாள். அதற்கப்புறம் இந்தக் கணக்கில் அவள் தடுமாறவில்லை. ஆனால் பள்ளியில் கடன் வாங்கும் முறையில்தான் போட்டுக் காட்டச் சொல்வார்கள், அதனால் அதையும் விட்டுவிடாமல், இதை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, வகுத்தலில் நடுவே வரும் பூஜ்யத்தை விழுங்குவது. 618 ÷ 6 என்றால் 13 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் தேங்காய் வியாபாரம். "618 தேங்காயை ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 13தான் வருமா? மிச்சத்தை யார் தூக்கிட்டுப் போனாங்க?" என்று அவள் அப்பா கேட்டார். 600ஐப் பிரித்தாலே ஆளுக்கு நூறு வந்துவிடுகிறதே. போடுவதற்கு முன்னால் விடை பத்துகளில் வருமா நூறுகளில் வருமா என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பென்சிலை எடுப்பது என்று வழக்கம் வைத்தோம். 103 தானாக வந்தது.

மூன்றாவது, மணிக்கணக்கு. பஸ் 9.40க்குக் கிளம்பி 11.15க்குப் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? 11.15இல் 9.40ஐக் கழித்து 1.75, அதாவது 1 மணி 75 நிமிடம் என்று எழுதியிருந்தாள். பெரியவர்களே செய்கிற தவறுதான் இது. கழிக்கவே வேண்டாம், கடிகாரத்தில் நடந்து போகலாம். 9.40இல் இருந்து 10 வரை 20 நிமிடம், 11 வரை ஒரு மணி நேரம், அப்புறம் 15 நிமிடம். 1 மணி 35 நிமிடம்.

வாய்ப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று முதலில் இருந்து ராகமாகச் சொல்லும் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், மறுபடி ஓரேழில் இருந்துதான் வண்டி கிளம்பும். எண்ணிப் பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவுதான். 1, 2, 5, 10 பிள்ளைக்குத் தெரியும். மிஞ்சுவது 3, 4, 6, 7, 8, 9. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்பதால் மொத்தம் 21 பெருக்கல்கள். அந்த 21ஐயும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தோசை வேகும் நேரத்தில் ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று என்று எடுத்துக் கேட்டேன். தப்பிய சீட்டு டப்பாவுக்கே திரும்பிப் போகும். பத்து நாளில் டப்பாவில் 6×9, 7×8, 8×9 மட்டும் பிடிவாதமாகக் கிடந்தன.

நேரம் என்று பார்த்தால் தினமும் அரை மணிக்கு மேல் போகவில்லை. ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போட வைக்காமல், கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று, மணிக்கணக்கு ஒன்று, சுற்றளவு ஒன்று என்று கலந்து கொடுத்தேன். தலைப்பில் வகுத்தல் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு வகுக்கலாம். பரீட்சைத் தாளில் அப்படி யாரும் சொல்லித் தருவதில்லையே. தவறிய கணக்கு மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை திரும்ப வரும், அதுவும் பழைய விடையைப் பார்க்காமல். போட்டு வைத்த கணக்கைப் படித்துப் பார்த்துத் தலையாட்டுவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி புதிதாக எதையும் தொடவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டாள். கேரளத்தில் வினாத்தாளைப் படிக்கவென்றே முதல் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் கொடுக்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் அதில் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சதுரமா செவ்வகமா, ஈவா மீதியா என்று ஒவ்வொரு கேள்வியிலும் சொல்லைத் தேடி வைத்துக்கொள், எழுதும் நேரம் வந்ததும் முதலில் அதன் கீழே கோடு போடு என்று சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் வந்தவளிடம் வாசலிலேயே கேட்டேன். "சதுரம் வரவே இல்லைம்மா" என்றாள் ஏமாற்றத்தோடு. மணிக்கணக்கு இரண்டு வந்திருந்ததாம்.