பாதாமி பாறைக்கு போறீங்களா, சாப்பாட்டு மூட்டைய ஒழுங்கா கட்டுங்க

டிசம்பர் வந்தாலே பெங்களூர்ல பாறை ஏர்ற நம்ம ஆளுங்க பாதி பேர் வட கர்நாடகால இருக்கற பாதாமிக்கு கெளம்பிடுறாங்க. வாட்ஸ்அப்ல எந்த ஷூ எடுத்துட்டு வரணும், ரோப் 60 மீட்டர் போதுமா 70 வேணுமா, ரோப்ப பாறையில மாட்டற கொக்கி, அதான் க்விக்டிரா, எத்தனைன்னு ராத்திரி வரைக்கும் பேச்சு ஓடும். சாப்பாடு என்னன்னு கேட்டா மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்"னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. அங்க போய் பாத்துக்க முடியாதுங்க. ஊருக்குள்ள கடை இருக்கு, நல்ல கடையே இருக்கு, ஆனா இடுப்புல ஹார்னஸ் பெல்ட்ட மாட்டி, ரூட்டுக்கு, அதாவது ஏறப் போற பாதைக்கு கீழ ரோப்ப விரிச்சப்புறம் ஒருத்தரும் எறங்கி போய் டிபன் வாங்கிட்டு வரப் போறதில்ல, பையில என்ன இருக்கோ அதான் சாயங்காலம் வரைக்கும்.

கிளைம்பிங் ஒரு விசித்திரமான வேலை. டிரெக்கிங் மாதிரி மணிக்கணக்கா நடந்துகிட்டே இருந்தா பசி தானா வந்து நிக்கும். இங்க அப்படி இல்ல, ஒரு ரூட் பத்து நிமிஷம் ஏறுவோம், எறங்கி ஃபிரெண்டுக்கு பிலே பண்ணுவோம், அதாவது அவர் விழாம கீழ நின்னு ரோப்ப புடிப்போம், கொஞ்ச நேரம் கல்லுல உக்காந்து அடுத்தவன் ஏறறத பாத்து கத்துவோம், மறுபடி நம்ம டர்ன். நடு நடுவுல உக்காந்து உக்காந்து எந்திரிக்கறதால பெருசா வேலை செஞ்ச மாதிரியே தோணாது, மேல ஏறும்போது வர்ற பதட்டத்துல பசியும் அமுங்கி போயிடும், ரெண்டு மணிக்கு திடீர்னு பாத்தா காலைல ஈஸியா புடிச்ச ஹோல்டு, அதான் பாறையில கை வைக்கற புடி, கையில நிக்காது. முன்கை ரெண்டும் கல்லு மாதிரி இறுகி பம்ப் ஆகறது இருக்கே, அந்த நேரத்துல அழுத்தத்துல ரத்த ஓட்டமே சரியா இருக்காது, தசைக்குள்ள சேத்து வச்சிருக்கற சர்க்கரைய, அதான் கிளைகோஜன, உடச்சு தான் விரல் வேலை செய்யுது. அது கொறைய கொறைய ஒவ்வொரு ரூட்டுக்கும் நடுவுல கை தேறி வர்ற நேரம் நீண்டுகிட்டே போகும்.

ஆனா நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் ஏறறவங்க இல்ல, கீழ நிக்கறவங்க. பிலேயர் பசியோட நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. நிமிர்ந்து பாத்து பாத்து கழுத்து வலி, வெயில், தலை லேசா கிறுகிறுன்னு, மேல இருக்கறவன் ரோப்ப இறுக்கி புடிக்கச் சொல்லி "டேக்"னு சொல்றத ஒரு நொடி லேட்டா கேக்கறது. மூளை ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேக்குற உறுப்பு, அத பட்டினி போட்டுட்டு இன்னொருத்தர் உயிர கையில புடிச்சிட்டு நிக்கறது தப்பு. அதனால எங்க கூட வர்றவங்ககிட்ட எப்பவும் சொல்றது, நீங்க இன்னைக்கு ஒரு ரூட் கூட ஏறலன்னாலும் சரி, பிலே பண்றீங்கன்னா மணிக்கு ஒரு தடவை எதாவது வாயில போடுங்க.

காலை டிபன விடவே கூடாது. தூங்கி எந்திரிக்கும்போது லிவர்ல இருக்கற கிளைகோஜன்ல, ஃபுல்லா இருந்தாலே சுமார் 100 கிராம் தான், அதுல பெரும்பகுதி ராத்திரியே காலி ஆயிருக்கும். அத நிரப்பாம வெறும் காபிய குடிச்சிட்டு பாறைக்கு போனா வார்ம்-அப் ரூட்லயே கை உதறும். ஏறறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி இல்லன்னா உப்பிட்டு, நம்ம உப்புமா தான், அதுவும் இல்லன்னா அவலக்கி, அதாவது அவல் தாளிச்சது. இதெல்லாம் காலைல பாதாமி ஹோட்டல்ல சூடா கெடைக்கும். பக்கத்துலயே மொளகா பஜ்ஜி, மண்டக்கி ஒக்கரணை எல்லாம் கண்ண பறிக்கும், வட கர்நாடகால பொரிய தாளிச்சு பஜ்ஜியோட தர்றது ஒரு தனி ருசி, எனக்கு ரொம்ப புடிக்கும், ஆனா அத ஏறி முடிச்ச சாயங்காலத்துக்கு வச்சுக்கங்க. எண்ணெய் வயித்துல ரொம்ப நேரம் தங்கும், பூரி பஜ்ஜி சாப்ட்டு ஓவர்ஹேங்ல, அதாவது நம்ம பக்கம் சாஞ்சு நிக்கற பாறைல, காலை தூக்கி வயித்த மடக்கும்போது தான் அது தெரியும். நெய் சொட்டற பொங்கலும் அதே கணக்கு தான்.

காபி பத்தி கேக்கறவங்களுக்கு, தாராளமா குடிங்க, காஃபீன் உண்மையாவே உதவும், ஆனா உடம்புல பாதி கரையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு மேல ஸ்டிராங்கா ரெண்டு கப் உள்ள போச்சுன்னா ராத்திரி தூக்கம் கெடும், அடுத்த நாளும் ஏறணும்ல.

இப்ப பைக்குள்ள என்ன வைக்கணும்ங்கறதுக்கு வரேன். எனக்கு பாறைல ரொம்ப ஒத்து வர்றது அந்த ஊர் சாப்பாடே தான், கடக் ரொட்டி. ஜோளத்துல, அதான் நம்ம வெள்ளை சோளத்துல தட்டி, மொறுமொறுன்னு காய வச்ச ரொட்டி, அடுக்கி கட்டி விப்பாங்க, நாள் கணக்குல கெடாது. கூட ஷேங்கா சட்னி புடி, வேர்க்கடலையும் காஞ்ச மொளகாயும் பூண்டும் உப்பும் போட்டு இடிச்ச பொடி. ரொட்டிய ஒரு துண்டு உடச்சு, பொடிய மேல தூவி, லேசா தயிர் இருந்தா தொட்டு சாப்டா மாவுச்சத்து, உப்பு, கொஞ்சம் புரோட்டீன் மூணும் ஒரே வாய்ல முடிஞ்சுது. வெயில்ல கெடாது, பையில நசுங்காது, நொறுங்கினாலும் அப்படியே அள்ளி வாயில போட்டுக்கலாம். எந்த எனர்ஜி பாரும் இதுக்கு ஈடில்லன்னு தான் சொல்லுவேன்.

அதுக்கு மேல வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். நடுத்தர சைஸ் வாழைப்பழம் ஒண்ணுல சுமார் 25 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கு, காஞ்ச பேரீச்சம்பழத்துல எடையில முக்கால் பங்கு அதான். நீண்ட தூரம் ஓடறவங்களுக்கு மணிக்கு 30லேர்ந்து 60 கிராம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நாம பாதி நேரம் உக்காந்து தான் இருக்கோம், அதனால மணிக்கு ஒரு பழமோ நாலஞ்சு சின்ன பேரீச்சம்பழமோ போதும்னு வச்சிருக்கேன், சரியா வருது. கடலை மிட்டாய் ஊர்லேர்ந்து வர்றவங்க கோவில்பட்டி மிட்டாயாவே வாங்கிட்டு வாங்க, 2020ல புவிசார் குறியீடு வாங்கினது, வெல்லப்பாகும் கடலையும் சரியா புடிச்சு நிக்கும். ஒண்ணு மட்டும் கவனம், வேர்க்கடலைல கிட்டத்தட்ட பாதி கொழுப்பு, 100 கிராம்ல 25 கிராம் புரோட்டீனும் இருக்கு, நல்லது தான் ஆனா மெதுவா தான் செரிக்கும். கஷ்டமான ரூட்டுக்கு முந்தி வாழைப்பழம், எறங்கி உக்காந்தப்புறம் கடலை மிட்டாய், இந்த வரிசை எனக்கு சரி.

முதல் நாளுக்கு மட்டும் வீட்லேர்ந்து புளிசாதம் கட்டிட்டு வந்தா அதவிட சொகம் கிடையாது. புளியும் நல்லெண்ணெயும் உப்பும் இருக்கறதால மதியம் வரைக்கும் தாங்கும், உப்பு உடம்புக்கும் வேணும். ஸ்பூன் எடுத்துட்டு வாங்க தயவு செஞ்சு. இத நான் சுத்தத்துக்காக மட்டும் சொல்லல. கையெல்லாம் வேர்வைக்கு பூசற சாக் பவுடர், அதோட எண்ணெய் கலந்தா விரல் ரேகைக்குள்ள சாம்பல் கலர்ல ஒரு பிசினா ஒட்டிக்கும், துணியில தொடச்சா போகாது, மறுபடி சாக் போட்டா அது மேலேயே படிஞ்சு விரல் வழுக்கும். அந்த கையோட புடிச்ச ஹோல்டுல அந்த பிசுக்கு அப்படியே தங்கும், மணற்கல்லு அத உறிஞ்சிக்கும், அடுத்து வர்றவங்களுக்கு அந்த ஹோல்டு பளபளன்னு ஆயிடும். முறுக்கு, மிக்சர், சிப்ஸ் எல்லாம் பாறைக்கு கீழ வேண்டாம்னு நான் சொல்றது இதுக்காக தான். சாப்பிடறதுக்குன்னு ஒரு சின்ன பாட்டில் தண்ணி தனியா, ஒரு பழைய துண்டு, போதும்.

குரங்கு! பாதாமில குரங்க பத்தி சொல்லாம சாப்பாட்ட பத்தி பேசவே முடியாது. குகைக்கோயில் பக்கம், குளக்கரை, பாறை மேலன்னு எங்கயும் இருக்கும், பிளாஸ்டிக் கவர் சலசலன்ற சத்தம் கேட்டா போதும் கூட்டமா வந்துரும். ரோப் புடிச்சிட்டு நிக்கற பிலேயர் பக்கத்துல தொறந்த பை கெடந்தா அத எடுக்க வரும், பிலேயர் திரும்பி பாப்பாரு, ரோப்லேர்ந்து கை விலகும். அதனால கவர் வேண்டாம், கிளிப் வச்ச டப்பா தான், டப்பா ஜிப் போட்ட பைக்குள்ள, பை பிலேயர்கிட்டேர்ந்து தள்ளி, சும்மா உக்காந்திருக்கற ஒருத்தர் மடிக்கு பக்கத்துல. சாப்பிட்ட தோலையும் விட்டுட்டு வராதீங்க, அது மக்கறதுக்கு முந்தி குரங்க பழக்கி விட்டுரும், அப்புறம் அடுத்து வர்ற குரூப் தான் மாட்டும்.

தண்ணி. டிசம்பர்லயும் மதியம் 30 டிகிரி பக்கம் போகும், அந்த செவப்பு பாறை வெயில வாங்கி திருப்பி அடிக்கும். நிழல் பாத்து சுவர் மாத்தி மாத்தி ஏறினாலும் ஆளுக்கு மூணு லிட்டருக்கு கொறஞ்சு தூக்கிட்டு போகாதீங்க. ஒரேயடியா மடமடன்னு குடிக்கறதுல பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு பிலேக்கும் முன்னாடி பின்னாடி நாலு வாய். ஒண்ணுக்கு வெளிர் மஞ்சளா போச்சுன்னா சரியா போயிட்டு இருக்குன்னு அர்த்தம். பொண்ணுங்க நெறைய பேர் பாத்ரூம் இல்லைன்னு தண்ணியே குடிக்காம நாள் பூரா ஏர்றத பாக்கறேன், எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். இத குரூப் லீட் பண்றவங்க தான் காலைலயே வாய தொறந்து பேசணும், எந்த பக்கம் ஒதுங்கலாம், யார் கூட போவாங்க, எப்ப ஊருக்குள்ள ஒரு நடை போயிட்டு வரலாம்னு. பேசிட்டா அவங்க நிம்மதியா குடிப்பாங்க.

வெறும் தண்ணிய மட்டும் குடிச்சிட்டே இருந்தாலும் ஆகாது, வேர்வைல போற உப்பு திரும்ப வரணும். இளநீர் குடிச்சா எல்லாம் சரியாயிடும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை, இளநீர் நல்லது தான், ஆனா அதுல பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி, வேர்வைல நாம இழக்கறது முக்கியமா சோடியம். அதனால இளநீர் குடிக்கறப்ப கூட உப்பு கடலையோ ரொட்டி-பொடியோ சேத்துக்கங்க. மோர்ல உப்பும் இஞ்சியும் போட்டு எடுத்துட்டு போனா பதினோரு மணிக்குள்ள குடிச்சுடணும், அப்புறம் புளிச்சு வயித்த பெரட்டும். எலுமிச்சை, உப்பு, வெல்லம் கரைச்ச தண்ணி சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அது தான் என் பாட்டில்ல இருக்கும். எமர்ஜென்சிக்கு மருந்துக்கடை ஓஆர்எஸ், அதான் உப்பு-சர்க்கரை கரைசல் பொடி, பாக்கெட் ரெண்டு. டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூட பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். முழு பாக்கெட்டையும் ஒரு முழு லிட்டர்ல கரைக்கணும், அர லிட்டர் பாட்டில்ல கொட்டி குலுக்கினா தப்பு. பழ ஃப்ளேவர்ல டெட்ரா பேக்ல ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்துட்டு இருந்த சர்க்கரை தண்ணியெல்லாம் வேற, 2025 அக்டோபர்ல நம்ம நாட்டு உணவுத் தர ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த பேர இஷ்டத்துக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, நல்ல காரியம்.

மதியம் ஊருக்குள்ள எறங்கி முழு சாப்பாடு சாப்ட்டு மறுபடி ஏறலாம்னு பிளான் போடறவங்களுக்கு ஒண்ணு. பாதாமி தான் வாதாபி, நரசிம்மவர்ம பல்லவன் 642ல புடிச்ச அதே வாதாபி, கோயில் பாறைங்களுக்கு நடுவுல இருக்கற குளம் அகத்தியர் தீர்த்தம். ஆட்டுக் கறியா மாறி வந்த வாதாபிங்கற அசுரன அகத்தியர் சாப்ட்டு முடிச்சு, வயித்த தடவி "வாதாபி ஜீர்ணோ பவ"ன்னு ஒரே வார்த்தைல செரிச்சாரு, இன்னைக்கும் நம்ம வீட்ல கொழந்தைக்கு பால் குடுத்துட்டு வயித்த தடவி சொல்றாங்க. நமக்கு அந்த வரம் கிடையாதுங்க. ஃபுல் மீல்ஸ் சாப்டா ரெண்டரை மூணு மணி நேரம் உடம்பு அசையாது, அதுக்குள்ள நல்ல நிழல் போயிடும். அதனால முழு சாப்பாடு ராத்திரிக்கு, பகல்ல கொஞ்சம் கொஞ்சமா.

கொஞ்சம் கஷ்டமான விஷயமும் சொல்லணும். வெயிட் கொறஞ்சா ஈஸியா ஏறலாம்னு டிரிப்புக்கு முன்னாடி பட்டினி கெடக்கறது, பாறைல "நான் லைட்டா தான் சாப்பிடுவேன்"னு ஒரு பழத்தோட நிறுத்திக்கறது, இது நம்ம பசங்ககிட்டயும் வந்துருச்சு. உடம்பு செலவழிக்கறதுக்கு ஏத்த மாதிரி சாப்பிடலன்னா ஹார்மோன் கொழம்பும், பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் நிக்கும், எலும்பு வலுவிழக்கும், அடிபட்ட விரல் ஆறவே ஆறாது. இதுக்கு ரெட்-எஸ்னு பேரு, 2014ல ஒலிம்பிக் கமிட்டியே வச்ச பேரு. 2023ல சர்வதேச கிளைம்பிங் ஃபெடரேஷனோட மருத்துவக் குழுல இருந்த டாக்டர் ஃபோல்கர் ஷோஃபல் இந்த பிரச்சனைல போதுமான நடவடிக்கை இல்லைன்னு ராஜினாமாவே பண்ணாரு, அடுத்த வருஷம் புது விதிகள் வந்துச்சு. டோக்கியோலயும் பாரிஸ்லயும் தங்கம் ஜெயிச்ச யான்யா கார்ன்பிரெட் இத பத்தி வெளிப்படையா பேசறாங்க. அவ்ளோ பெரிய லெவல்ல இருக்கறவங்களே பேசும்போது, வீக்எண்ட்ல ஏர்ற நாம ரெண்டு இட்லிய கொறைச்சு எந்த கிரேடையும், அதான் கஷ்ட அளவையும், தொடப் போறதில்ல. உங்க குரூப்ல யாராவது சாப்பாட்ட தட்டிக் கழிச்சுகிட்டே இருந்தா கிண்டல் பண்ணாம பக்கத்துல உக்காந்து கேளுங்க.

எறங்கி ரோப்ப சுருட்டினதும் ஒரு மணி நேரத்துக்குள்ள எதாவது திடமா உள்ள போகட்டும், முட்டை சாப்பிடறவங்க மூணு நாலு அவிச்ச முட்டை, ஒண்ணுக்கு சுமார் 6 கிராம் புரோட்டீன். சாப்பிடாதவங்க காலைல ஊற வச்ச கடலைய சுண்டல் பண்ணிக்கலாம், தயிரும் நல்லா. அப்புறம் தான் மொளகா பஜ்ஜியும் டீயும். ராத்திரி கானாவளில, அதான் அந்த ஊர் மெஸ்ல, போய் உக்காருங்க, சுடச்சுட ஜோள ரொட்டி, எண்ணெ கத்தரிக்கா, பருப்பு, வெங்காயம், தயிர், கடைசில சாதம், கேட்டு கேட்டு போடுவாங்க. வயிறு நெறைய சாப்பிடுங்க, ரெண்டாவது நாள் கைக்கு வேண்டிய கிளைகோஜன் அந்த தட்டுலேர்ந்து தான் வரணும். பீர் வேணும்னா டிரிப்போட கடைசி ராத்திரிக்கு தள்ளி வைங்க, தூக்கம் கெட்டா தோல் உரிஞ்ச விரலும் ஆறாது. வர்ற வழில அடுத்த நாளைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டு கடக் ரொட்டி வாங்கிடுங்க, காலைல ஆறு மணிக்கு எல்லா கடையும் தொறந்திருக்காது.