பந்து கேட்காத பையன்

ஜூன் 8, 2025, ஞாயிறு
வியாசர்பாடி. 13 வயதுக்குட்பட்டோர் கால்பந்து ஆட்டம். 1-1 சமன், பெனால்டியில் தோற்றோம். கடைசிப் பந்தை அடித்தது நம் பத்தாம் நம்பர். கம்பத்துக்கு மேலே போய்விட்டது. பையன்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லைனில் நின்ற அவன் அப்பாதான், “இத்தினி நாளு என்னாத்தடா கத்துக்கின?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். பையன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். நிமிரவே இல்லை.

ஜூன் 11, புதன்
பயிற்சிக்கு வந்துவிட்டான். ஆனால் பந்து கேட்கவில்லை. முன்பெல்லாம் “எனக்குடா, எனக்குடா” என்று காது கிழியக் கத்துவான். இன்று ஆள் மறைவாகப் போய் நின்றுகொள்கிறான். தப்பித்தவறிக் காலுக்கு வந்தால், சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் தட்டிவிடுகிறான். தட்டியதும் கண் லைனுக்குப் போகிறது. அங்கே அப்பா இல்லவே இல்லை.

“உன்னால முடியும்டா” என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான், அவ்வளவுதான்.

இரவு அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்றார். நிம்மதி. அது இரண்டும் கெட்டிருந்தால் என் கையில் இல்லை. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அவரிடம் கொடுத்து வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்
பழைய நோட்டைப் புரட்டினேன். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறதாம்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவன் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்வது, உடம்பின் படபடப்பு அடங்குவது. முதலாவதுதான் எல்லாவற்றிலும் பலமானது. நான் மூன்றாவதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி
பெனால்டி புள்ளி 11 மீட்டர். அவனை 6 மீட்டரில் நிறுத்தினேன். கீப்பர் கிடையாது, இரண்டு கோன் மட்டும். எந்தக் கோன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பத்தில் எட்டு. அப்புறம் 8 மீட்டர். பத்தில் ஆறு. 11-க்கு இன்று போகவில்லை.

முடிந்ததும் மண்ணில் உட்கார்ந்து இங்கிலாந்து வீரர் சாகா கதையைச் சொன்னேன். 2021-இல் லண்டன் வெம்பிளியில் யூரோ கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலியோடு. இங்கிலாந்தின் கடைசி பெனால்டி 19 வயதுப் பையன் சாகா காலில். இத்தாலி கீப்பர் டோனாருமா தடுத்துவிட்டார். அப்புறம் இணையத்தில் சாகா வாங்கிய நிறவெறி வசை கொஞ்சமில்லை. 2024 யூரோ காலிறுதியில் சுவிட்சர்லாந்தோடு மறுபடி பெனால்டி. அதே சாகா போய் நின்று அடித்தார். கோல்.

“அவருக்கு பயமா இல்லையாணா?” இந்த வாரத்தில் அவன் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

“இருந்திருக்கும்டா. இருந்தும் போய் நின்னாரு.”

ஜூன் 15, ஞாயிறு
டீக்கடையில் அப்பாவைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. மகன் ஆட்டம் என்றால் ஆட்டோ சவாரியை விட்டுவிட்டு வருகிறவர்.

“அண்ணே, அடுத்த மேட்ச்ல ஒண்ணும் பேசாதீங்க. நல்லா ஆடினாலும்.”

“அதெப்படி கோச்?”

“புதன்கிழமை நீங்க வரவே இல்ல. அப்பவும் லைனைத்தான் பார்த்தான்.”

கிளாஸைக் கீழே வைத்தவர், வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு
0-2. தோல்விதான். அவனும் கோல் போடவில்லை. அப்பா துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். இரண்டாம் பாதியில் இடது பக்கத்திலிருந்து கேட்டது: “டேய், எனக்குடா!” வாங்கினான், பறிகொடுத்தான். திரும்பி ஓடிவந்து மறுபடி கேட்டான். மொத்தம் ஆறு தடவை. எண்ணினேன்.