வீட்டு பிரிண்டரா, லேபா?

போட்டோ பிரிண்டை வீட்டிலேயே போடலாமா, லேபுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு பிரதிக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரிண்ட் போடுவீர்கள் என்பது. வீட்டில் வைத்திருக்கும், மையைத் துளியாகத் தெளித்து அச்சடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

மை தெளிக்கும் ஹெட்டில் உள்ள நாசில் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. வாரக்கணக்கில் ஓடாவிட்டால் மை துளை வாயிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிரிண்டில் வெள்ளைக் கோடுகள் விழும். முகம் பச்சையடித்தால் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மை சரியாக வரவில்லை. உடனே ஹெட்டை மையால் கழுவும் கிளீனிங் கொடுக்காதீர்கள். முதலில் சாதாரணத் தாளில் நாசில் செக் (ஒவ்வொரு நிறத்திலும் கோடு அடிக்கும் சோதனை) எடுத்து எந்த நிறத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு கிளீனிங், மறுபடி செக். இரண்டு மூன்று தடவையில் சரியாகாவிட்டால் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவையுங்கள்; காய்ந்த மை இளக வாய்ப்புண்டு. கிளீனிங்கில் உறிஞ்சும் மையெல்லாம் பெரும்பாலும் அடியில் உள்ள பஞ்சு போன்ற பேடில்தான் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாகப் பிரிண்டருக்குள் கணக்கு வைக்கும் கவுண்டர் சொன்னால் பல மாடல்கள் அடுத்த தாளை எடுக்கவே எடுக்காது. வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு சின்னப் படம் போட்டாலே இந்தத் தொல்லை பாதி குறையும். அணைக்கும்போது பிளக் சுவிட்சைத் தொடாமல் பிரிண்டரின் பட்டனாலேயே அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக 4x6 அங்குலப் படம் போடுகிறவருக்கு லேபே சரி. ஆனால் எந்த முறையில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒளி பட்டால் மாறும் சில்வர் ஹாலைடு தாளில் ஒளியால் பதித்து ரசாயனத்தில் கழுவி எடுப்பது ஒன்று. லேசர் பிரிண்டர்போல் டோனர் என்ற பொடி மையில் அச்சடிப்பது வேறு. பூதக்கண்ணாடி வைத்துக் கன்னத்தைப் பாருங்கள்: முன்னதில் நிறம் இழைந்து ஓடும், டோனரில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

லேபில் கெடுவது பெரும்பாலும் நாம் அனுப்பும் ஃபைலால்தான். போன் படத்தின் நீள அகல விகிதம் பெரும்பாலும் 4:3, 4x6 தாளுக்கு 3:2. 4032x3024 பிக்சல் படத்தில் 336 பிக்சல் உயரம், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு, வெட்டுப்படும். குரூப் போட்டோவில் அது யாரோ ஒருவரின் உச்சந்தலை. நீங்களே கிராப் செய்து, ஓரத்தில் 3 மில்லிமீட்டராவது இடம் விட்டு அனுப்புங்கள். 4x6-க்கு 1800x1200 பிக்சல் போதும், 8x12-க்கு 3600x2400 வேண்டும். நிறம் எஸ்ஆர்ஜிபியில் (sRGB, திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். எடிட் செய்த படமென்றால் 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தி வெளிச்சத்தை மெஷின் மதியமாக்கிவிடும்.

வீட்டு பிரிண்டரின் மதிப்பு தெரிவது பளபளப்பில்லாத மேட் தாளிலும் கறுப்பு வெள்ளையிலும்தான். அங்கே ஒரு துண்டு அடித்துப் பார்த்து, திருத்தி, மறுபடி அடிக்கலாம். டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் மை அளவு மாறும்: பளபளப்பான கிளாஸி தாளுக்கு 'பிளெய்ன்' (சாதாரணத் தாள்) என்று கொடுத்தால் படம் சோகை பிடித்ததுபோல் வரும். எடிட்டிங் மென்பொருள், டிரைவர் இரண்டுமே நிறத்தைத் திருத்த விட்டால் நிறம் பிசகிவிடும், ஒன்றை அணைத்துவிடுங்கள். படம் இருட்டாக வந்தால் பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், அநேகமாகக் குற்றவாளி அதுதான். இங்க்ஜெட் போட்டோ தாளை லேசர் பிரிண்டரில் மட்டும் விடவே கூடாது. சூட்டில் மேல்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

எப்போதாவதுதான் போடுவேன், ஆனால் வீட்டிலேயே வேண்டும் என்பவருக்கு ரிப்பனில் உள்ள நிறத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் டை-சப்ளிமேஷன் பிரிண்டர் உண்டு. ரிப்பன் என்பதால் காய்ந்து அடைக்கும் பேச்சே இல்லை. மஞ்சள், மெஜந்தா, சையான், மேல்பூச்சு என்று தாள் நான்கு தடவை உள்ளே போய் வரும். தீர்ந்த ரிப்பனில் உங்கள் படமெல்லாம் நெகட்டிவாகப் பதிந்திருக்கும், வெட்டிப்போட்டு எறியுங்கள்.

இங்க்ஜெட் பிரிண்டைச் சட்டம் போடுவதானால், மேலே சாதாரணத் தாள் ஒன்று மூடி ஒரு நாளாவது உலர விட்ட பிறகே கண்ணாடிக்குள் வையுங்கள். ஈரம் முழுதும் போகாமல் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படலம் படியும்; கழற்றித் துடைப்பதைத் தவிர வழியில்லை.