எட்டரைப் பாகை

1945 ஒக்ரோபரில் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதிய கணக்கு எளியது. மத்தியகோட்டுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால், அது பூமியோடு ஒத்துச் சுற்றும். கீழே நிற்பவருக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அப்போது வானத்தில் ஒரு செய்மதிகூடக் கிடையாது.

1956இல் அவர் இலங்கைக்கு வந்தார். திருமலையில் (திருகோணமலையில்) கோணேசர் மலையடிக் கடலுக்குள், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். 1979இல் வந்த அவருடைய நாவலில் இந்தத் தீவிலிருந்தே விண்வெளிக்கு ஒரு லிப்ட் ஏறுகிறது. ஆனால் கதைக்காகத் தீவைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி, மத்தியகோட்டில் கொண்டுபோய் வைத்தார். அசையாத செய்மதி மத்தியகோட்டுக்கு மேலேதான் நிற்க முடியும். அதிலிருந்து நேர் கீழே விட்ட வடமும் அங்கேதான் தரையைத் தொடும். (மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினாலும் அந்த லிப்டுக்கு ஏழரை நாள் வேண்டும். கொழும்பு இரவு ரயிலில் முதுகு நோகுது என்பவர்கள் யோசிக்கவும்.)

கதை எழுதுகிறவர் தீவைத் தள்ளலாம். கூரையில் ஸ்பனரோடு நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. திருமலை வடக்கு 8.57 பாகையில் கிடக்கிறது. டிஷ் பூட்டும்போது அந்த எட்டரைப் பாகைக்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்திய வீட்டுத் தொலைக்காட்சிச் சேவைகள் சில 83, 95 பாகை கிழக்கில் நிற்கும் செய்மதிகளிலிருந்து வருகின்றன. திருமலையிலிருந்து 95ஐப் பார்க்க வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 121 பாகை, அதாவது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே திரும்ப வேண்டும். உயரம், அதாவது தொடுவானத்திலிருந்து மேலே, 71 பாகை. 83க்குத் திசை 168, உயரம் கிட்டத்தட்ட 80. உச்சந்தலைக்கு அவ்வளவு பக்கம்.

முதல் பிழை இங்கேதான் நடக்கும். கோணமானியை டிஷ் முகத்தில் வைத்து 71 வரும்வரை சாய்ப்பார்கள். வீட்டு டிஷ் நீள்வட்டமானது, எல்.என்.பி. (முன்னால் கையில் நின்று அலையை வாங்கும் கருவி) அதன் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி நிற்கும். அதனால் முகம் காட்டும் கோணத்தைவிட டிஷ் 22 முதல் 25 பாகை வரை கூடுதல் உயரத்தைப் பார்க்கிறது. 24 பாகை டிஷ் என்றால் முகத்தைச் செங்குத்திலிருந்து 47 பாகை சாய்த்தால் போதும். பூட்டும் தகட்டில் அச்சடித்த அளவுகோல் அந்த வித்தியாசத்தைக் கழித்தே போட்டிருக்கும், அதை நம்பலாம். ஆனால் தூண் தூக்குநூலுக்கு நேராக நிற்க வேண்டும். தூண் 2 பாகை சரிந்தால் அளவுகோலும் பொய் சொல்லும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பூட்டுகிறவர்கள் திசைக்குத்தான் மண்டையை உடைப்பார்கள். நம் ஊரில் நிலைமை தலைகீழ். செய்மதி இவ்வளவு உயரத்தில் நிற்கும்போது திசையில் 3 பாகை பிழைத்தாலும் குறி 1 பாகைதான் தவறும். உயரத்தில் 1 பாகை பிழைத்தால் அது முழுதாக 1 பாகை. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலமே 3 பாகைக்குள். ஆகவே திசையைக் குத்துமதிப்பாகப் பிடித்து, உயரத் திருகை மயிரிழையாகத் தள்ளித் தேட வேண்டும். தகரக் கூரைமேல் திசைகாட்டியை வைக்கவே வேண்டாம், முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது எல்.என்.பி.யின் முறுக்கு. பலர் அதை நேராக மாட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். 83க்கு 12 பாகை முறுக்கினால் சரி. 95க்கோ 58 பாகை! மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு நாம் கட்டும் வரி இது. முறுக்காவிட்டால் சில சனல்கள் வரும், சில வராது. பழி றிசீவருக்குப் போகும். திரையில் பலம் என்று காட்டும் எண்ணை விட்டுவிட்டுத் தரம் என்ற எண்ணைப் பார்த்து, இரு பக்கமும் மெல்லத் திருப்பி உச்சத்தில் நிறுத்துங்கள். பலம் எந்தச் செய்மதிக்கும் ஏறும்.

தென்னைமரம் பற்றி அடிக்கடி கேட்பார்கள். 71 பாகைக்கு, டிஷ்ஷை விட 15 மீற்றர் உயர்ந்த மரத்தின் ஓலை நுனிக்கும் டிஷ்ஷுக்கும் இடையில் 5 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். 2025இல் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டே இருப்பதால் வானத்தின் பெரும்பங்கு திறந்திருக்க வேண்டும், தோப்புக்குள் அது தடுமாறும்.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வெயிலில் படம் தெளிவாக இருப்பதால் டிஷ் சரியாக நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 1 பாகை விலகினாலும் வெயிலில் படம் வரும், மழைக்கென்று கையிருப்பு மட்டும் இராது. இந்தச் சேவைகள் வரும் 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் அலைநீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர். மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். மார்கழி வாடையில் முதலில் அணைவது இப்படிப்பட்ட டிஷ்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உப்புக்காற்று திருகுகளைத் தின்று, பிடி தளர்ந்து, டிஷ் தானாகச் சாய்வதும் உண்டு. மேல் விளிம்பு அரைச் சென்ரிமீற்றர் சாய்ந்தாலே ஏறத்தாழ 1 பாகை. கல்வனைஸ் பண்ணிய திருகு போட்டு, வயர் முனையில் றப்பர் ரேப் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். நீர் வளைவில் சொட்டிவிடும். கழற்றும்போது உள்ளே செம்பு பச்சையாக இருந்தால் அந்த முனையை வெட்டி எறியுங்கள்.

மார்ச் 16, 17ஐ ஒட்டிய சில நாட்களில் காலை 11.10 அளவில், 95ஐப் பார்க்கும் டிஷ்ஷில் சில நிமிடம் படம் உடையும். எதையும் தொடாதீர்கள். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நின்று இரைகிறது. செப்ரெம்பர் 26, 27ஐ ஒட்டிக் காலை 10.50 அளவில் மறுபடி வரும். சமநாளுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ நான்கு நாள் தள்ளி வருவதற்கும் காரணம் அந்த எட்டரைப் பாகைதான்: வடக்கே நின்று பார்ப்பதால் செய்மதி நமக்கு வான மத்தியகோட்டுக்கு (பூமியின் மத்தியகோட்டை வானத்தில் நீட்டிய கோட்டுக்கு) ஒன்றரைப் பாகை தெற்கே தெரிகிறது.

மத்தியகோடு முழு வட்டமில்லை என்பதால், கட்டுப்பாடு இழந்து அந்தப் பாதையிலேயே விடப்பட்ட செய்மதிகள் இரண்டு இடங்களை நோக்கிச் சரிகின்றன. அவற்றில் ஒன்று 75 பாகை கிழக்கு. கோணேசர் கோயில் வாசலில் நின்று தென்மேற்கே திரும்பி, ஏறத்தாழ 78 பாகைக்குத் தலையை நிமிர்த்தினால் அந்தப் பள்ளம் நேரே இருக்கிறது. எரிபொருள் தீர்ந்த செய்மதிகள் சில அதைக் குறுக்கே கடந்து, ஊஞ்சல்போல் வருடக்கணக்கில் போய்வந்துகொண்டிருக்கின்றன.