தயிர்ச் சட்டி

மட்டக்களப்பு கல்லடியில் இன்று காலை தயிர் விற்ற அம்மா சட்டியை அப்படியே சரித்துக் காட்டினா. "பாரு மனே, தண்ணி கலந்ததெண்டா இப்படி நிற்குமா?"

அசையவே இல்லை. படுவான்கரை எருமைத் தயிர்.

வீட்டுக்கு வந்து அகப்பையால் நாலு சுற்றுச் சுற்றினேன், கூழ் மாதிரி ஓடுது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, ஒரு படையை மற்றப் படைமேல் வழுக்கி இழுக்கிற அந்த வெட்டுவிசை மட்டும்தான்.

நம்முடைய இரத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

ஓட்டம் மெதுவானால் சிவப்பணுக்கள் அடுக்கி வைத்த காசுகள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரத்தம் தடிக்கும். வேகம் கூடினால் அடுக்கு குலைந்து, ஒவ்வொரு அணுவும் நீண்டு வளைந்து ஓட்டத்தோடு போகும், இளகிவிடும். தயிர் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். இரத்தம் திரும்பவும் அடுக்கும், திரும்பவும் குலையும், நாள் முழுக்க.

எனக்குப் பிடித்தது இதுதான்: இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களுக்கு இந்த உரசல் தெரியும். ஓட்டம் வேகமாக உரசினால் அவை நைத்திரிக் ஒட்சைட்டு விடும், குழாய் விரியும். அந்த வாயு இரத்தக் குழாய்களில் சைகையாக வேலைசெய்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு.

சரி, காலையிலிருந்து கதிரையிலேயே இருக்கிறேன், கால் விறைத்துப்போச்சு. பாலம் வரை நடந்துவிட்டு வாறேன். மிச்சத் தயிர் இரவுக்கு.