பத்திரத்தை வைத்து வாங்கிய எர்டிகா

"பழைய கார் வாங்க எவனாவது வீட்டை அடமானம் வைப்பானாடா?" அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

என் கணக்கு இது. விலைக்கு வந்த எர்டிகாவுக்குக் கையிருப்பு போக 6 லட்சம் தேவைப்பட்டது. பழைய வண்டி என்பதால் கார் லோனுக்கு 14 சதவீத வட்டி கேட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மாதம் 13,961 ரூபாய். சம்பளம் வரவாகும் வங்கியில், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 10 சதவீதம் என்றார்கள். அதே ஐந்து வருடத்துக்கு 12,748. மொத்தத்தில் 70 ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

மேலாளர் அதோடு விடவில்லை. "பதினைந்து வருஷம் போட்டுக்கோங்க சார், மாசம் 6,448தான்" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்து டீக்கடையில் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். வட்டி மட்டும் 5.6 லட்சம்! வண்டி காயலான் கடைக்குப் போன பிறகும் நான் தவணை கட்டிக்கொண்டிருப்பேன். ஐந்து வருடமே போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. வங்கி வக்கீல் கேட்டவை: மூலப்பத்திரம், அப்பா என் பெயருக்கு எழுதிய செட்டில்மென்ட் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்). எல்லாம் மஞ்சள் பையில் இருந்தன. வில்லங்கத்தை மட்டும் புதிதாகப் போட்டோம். அதில் 1996-இல் ஒரு அடமானம் நின்றது. வீடு கட்ட அப்பா ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் வாங்கிய 75 ஆயிரம்.

"அதை எப்பவோ கட்டி முடிச்சாச்சே!" என்றார் அப்பா. உண்மைதான், கடைசித் தவணை கட்டிய சீட்டுகூட இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவாகாத வரை வில்லங்கத்தில் அந்த அடமானம் தீராததாகவேதான் தெரியும். வக்கீல் ஒப்புதல் தரமாட்டார்.

சங்கத்துக்கு ஐந்து முறை நடந்தோம். செயலாளர் இருந்தால் பேரேடு இல்லை, பேரேடு இருந்தால் செயலாளர் இல்லை. ஐந்தாவது முறை, ஓரம் கரையான் அரித்த ஒரு பேரேட்டை மேஜையில் போட்டுத் தூசி தட்டினார்கள். அப்பாவின் கணக்கு எண்ணுக்கு நேரே, நீல மையில், "கணக்கு தீர்ந்தது". அப்பா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகும் செயலாளர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட மூன்று வாரம் ஆயிற்று.

இதற்குள் அந்த எர்டிகாவை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அவர் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? எனக்கு வேறொன்று கிடைத்தது. சாம்பல் நிறம், இன்னும் கொஞ்சம் குறைவாக ஓடியது.

மீதி சுலபம். பொறியாளர் வந்து வீட்டை டேப் பிடித்து அளந்தார். பத்திரங்களை வங்கியில் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். போட்டோ, கைரேகை என்று அரை நாள் போனது. வக்கீல், மதிப்பீடு, பரிசீலனைக் கட்டணம், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து 22 ஆயிரம். கணக்குப் போடும்போது இதை நான் சேர்க்கவே இல்லை. ஒரு லட்சம், இரண்டு லட்சத்துக்காக யாரும் இந்தப் பாடு படவேண்டாம்.

ஒரு நிம்மதி, அடமானம் வீட்டின் மேல்தான் என்பதால் வண்டியின் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறவில்லை. வண்டியை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் கிடையாது. முழுதும் அடைத்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"கடைசித் தவணை அன்னிக்கு நானும் வரேன். ரசீதைப் பதிவு பண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்" என்றவர், வங்கி கொடுத்த பத்திரப் பட்டியலை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார்.